பொய்ப் பயணிக்கு ஒரு பெட்டி

6 மார்ச், திங்கள்

கரண்ட் பதினொரு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் பாதிப் பேர் மண்டாசி பன் தின்னப் போய்விட்டார்கள். ஆட்களைக் கூட்டி உட்கார வைத்து, புது டூலைத் திறந்து காட்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. எண்பத்து நான்கு பேருக்கு நாற்பது கணினி. ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை.

மூன்றாம் ஆண்டு மென்பொருள் வடிவமைப்பு. நிரலில் கை வைக்கும் முன் படம் போடு என்று ஆறு வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு யாரோடு என்ன தொடர்பு, எது எப்போது மாறும், எல்லாவற்றையும் பெட்டியும் கோடுமாகப் போடு, பிறகு எழுது. யார் கேட்டார்கள்? வீட்டைக் கட்டி முடித்துவிட்டுக் கடைசி நாள் காலையில் வரைபடம் போடுகிற கூட்டம் இது.

இந்த டூலிடம் அந்தப் பாச்சா பலிக்காது. நான் ஒரு விடைப்படம் போட்டு உள்ளே வைத்துவிட்டால் போதும். மாணவர் போடும் படத்தை அதோடு ஒப்பிட்டு, சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு, மதிப்பெண்ணையும் அதுவே கூட்டிப் போட்டுவிடும். இந்த முறை தேர்வே கிடையாது, படம்தான் தேர்வு. தலைப்பு: மட்டாட்டு நிலையத்தில் வண்டியில் ஆள் நிரப்புவது. நகுருவில் மட்டாட்டு வேன் ஏறாதவர் யார்? நேரப் பட்டியல் இல்லை, பதினான்கு சீட்டும் நிரம்பினால் வண்டி கிளம்பும். விடைப்படத்துக்காக வண்டிக்காரர் சங்கத் தலைவரையே அவர் அலுவலகத்தில் போய்ப் பார்த்தேன். பால் சாய் கொடுத்து ஒரு மணி நேரம் விளக்கினார். "பதினாலு சீட்டு, பதினாலு பயணி, பதினாலு டிக்கெட். அவ்வளவுதான் மேடம்."

மாலையில் துறைத் தலைவர் டாக்டர் பராசா வராந்தாவில் நிறுத்தினார். நிரந்தரப் பணியிடம் ஒன்று ஜூனில் வருகிறதாம். "இந்த டூல் ரிப்போர்ட்டை மட்டும் நல்லாக் குடும்மா மொரா. அந்த போஸ்ட் உனக்குத்தான். சொதப்பிடாதே." ஆறு வருட ஒப்பந்தம். வருடா வருடம் ஆகஸ்டில் புதுப்பிப்பார்களா என்று காத்துக் கிடக்க வேண்டும். சொதப்புவேனா?

7 மார்ச், செவ்வாய்

மூன்று கணினியில் டூல் திறக்கவே இல்லை. மிச்சம் முப்பத்தேழு.

23 மார்ச், வியாழன்

ஆய்வகத்தில் இவ்வளவு அமைதியை நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் திரையை முறைத்துக்கொண்டு ஒரு கோட்டை இழுக்கிறார்கள். சிவப்பு. அழிக்கிறார்கள். வேறு பக்கம் இழுக்கிறார்கள். பச்சை. உடனே ஒரு சின்னக் கூச்சல். படம் போட மாட்டேன் என்றவர்கள் மூன்று வாரமாகப் படமே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன்.

ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள். நியாவிரா. கடைசி வரிசை, வெடுக்கென்று பேசுவாள், காலை வகுப்புக்குப் பாதி நாள் தாமதமாக வருவாள். அவள் திரை முழுக்க ரத்தக் களரி.

"மேடம், இது பிழை இல்ல."

"சிவப்பா இருக்கே?"

"இருக்கு. ஆனா பிழை இல்ல. நான் சொல்றதைக் கேளுங்க—"

"டிக்கெட் இல்லாத ஆள் வண்டியில இருக்கான்னு டூல் சொல்லுது. அவனை எடுத்துடு, பச்சையாயிடும்."

"எடுக்க மாட்டேன் மேடம்."

எடுக்காவிட்டால் போ என்று அடுத்த மேஜைக்கு நகர்ந்தேன். என்ன அடம்!

27 ஏப்ரல், வியாழன்

மதிப்பெண் வந்துவிட்டது. நான் ஒரு தாள்கூடத் திருத்தவில்லை! சராசரி எழுபத்தொன்று, போன வருடம் நாற்பத்தாறு. எண்பத்து மூன்று பேர் தேர்ச்சி.

ஒரே ஒருத்தி தோல்வி. நியாவிரா, முப்பத்தெட்டு. நாற்பது வேண்டும். இரண்டு மதிப்பெண்ணில் போனது பாவம்தான், ஆனால் சொன்னதைக் கேட்டாளா? பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அறிக்கையும் முடித்தாயிற்று. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எனக்கே மிகவும் பிடித்திருக்கிறது: 'கருவியே கூட்டுவதால் இம்முறையில் கூட்டல் பிழைக்கு இடமே இல்லை.' பராசா அதன் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறார்.

29 ஏப்ரல், சனி

ஞோரோவில் இருக்கும் தங்கை கெமுன்டோவைப் பார்க்கக் கிளம்பினேன். நிலையத்தில் வண்டிக்கு ஆள் கூவும் மனாம்பா என் கையைப் பிடித்து இழுக்காத குறை. "ஒண்ணே ஒண்ணு அக்கா! ஒரே ஆளு! ஏறினா கிளம்பிடும்!" உள்ளே பதிமூன்று தலை. அடித்துப் பிடித்து ஏறி உட்கார்ந்தேன்.

பக்கத்து சீட்டில் நியாவிரா. மடியில் ஒரு பெரிய பை. என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் இருக்கும்தானே என்று நானும் பேசவில்லை. ஐந்து நிமிடம். வண்டி கிளம்பவில்லை. பிறகு அவளே மெதுவாக,

"மேடம், இறங்கிப் பின்னாடி வண்டிக்குப் போங்க. அது சீக்கிரம் கிளம்பும். இதுல உங்களையும் சேர்த்து எட்டுப் பேருதான் உண்மையாப் போறவங்க. மிச்ச ஆறு பேரு நாங்க."

"நாங்கன்னா?"

"வண்டி நிரம்பின மாதிரி தெரியறதுக்கு உக்காருறவங்க. பொய்ப் பயணிங்க." சிரித்தாள். "என் படத்துல இருந்துச்சே மேடம். பார்க்கலையா?"

மனாம்பா காதில் விழுந்துவிட்டது. "ஏய்! நீயே ஆளை இறக்கி விடுறியா? உனக்குக் காலையில கூப்பிட்டு வேலை குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இறங்கு!" அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். பை கனமே இல்லாமல் ஆடியது. உள்ளே பழைய செய்தித்தாள்தான் இருக்க வேண்டும்.

நான் இறங்கவில்லை. வீம்புக்கு உட்கார்ந்து எண்ணினேன். உண்மையான ஆள் ஒருவர் வர வர, ஒருவருக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது, ஒருவருக்கு போன் வந்தது, ஒரு பெரியவருக்குக் குடையை மறந்துவிட்ட ஞாபகம் வந்தது. இறங்கினவர் ஒருவரும் திரும்பவில்லை. கிளம்ப ஒரு மணி பத்து நிமிடம்.

எனக்கு இது தெரியாததா? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், எத்தனை தடவை ஏமாந்து திட்டியிருக்கிறேன்! அப்புறம் ஏன் விடைப்படத்தில் அது இல்லை?

1 மே, திங்கள்

விடுமுறை. உகாலிக் களி அடுப்பில் கட்டி தட்டிப்போனது தெரியாமல் நியாவிராவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் முறையாகப் பார்க்கிறேன். அன்று சிவப்பைத்தான் பார்த்தேன், பெட்டியின் பெயரைக்கூடப் படிக்கவில்லை.

பயணி என்று ஒரு பெட்டி. அதிலிருந்து பிரியும் இன்னொரு பெட்டி, பொய்ப் பயணி. அவனுக்கு டிக்கெட் கிடையாது. மனாம்பாவோடுதான் தொடர்பு. உண்மைப் பயணி வந்தால் எழுந்து இடம் விடுவான். சீட்டுக்கு என் படத்தில் இரண்டே நிலை: காலி, நிரம்பியது. அவள் படத்தில் மூன்று: காலி, பிடித்து வைத்தது, விற்றது. அந்தப் 'பிடித்து வைத்தது' என்ற நிலைக்காக டூல் எட்டுக் கோட்டைச் சிவப்பாக்கியிருக்கிறது.

டூலில் படத்தை ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. என் படத்தை ஓட்டினேன். சனிக்கிழமை நான் ஏறிய அதே வண்டியை உள்ளே விட்டேன், எட்டு உண்மை, ஆறு பொய். 'நிரம்பியது' என்று ஞோரோவுக்குக் கிளம்பிவிட்டது. ஆறு பொய்ப் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு! வெளியே நிற்கும் ஆறு நிஜ ஆட்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. அவளுடையதை ஓட்டினேன். காத்திருந்தது, ஒவ்வொருவராக மாற்றியது, பதினான்கு டிக்கெட்டோடு கிளம்பியது.

எண்பத்து மூன்று பேரின் படமும் தப்பு. என் படம் தப்பு. சரியாகப் போட்ட ஒரே ஒருத்தியை ஃபெயில் ஆக்கியிருக்கிறேன். சங்கத் தலைவர் ஏன் சொல்லப்போகிறார்? நான்தானே நிலையத்தில் போய் நின்றிருக்க வேண்டும்? சாயைக் குடித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே பெட்டியாகப் போட்டேன். இதை மாணவன் செய்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

3 மே, புதன்

நியாவிராவை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மேடம், வெள்ளிக்கிழமை தொழிற்பயிற்சிக் கடிதம் குடுக்கிறாங்க. நைரோபி கம்பெனி ஒண்ணு என்னை எடுத்திருக்கு. ஃபெயில் இருந்தா கடிதம் கிடையாது. அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷமும் அந்த வண்டியில உக்காரணுமா நான்?"

பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே எழுத்தர் ஜெப்கோரிர் திருத்தப் படிவத்தை நீட்டினாள். காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம். கூட்டல் பிழை. விடுபட்ட கேள்வி. தொலைந்த விடைத்தாள்.

"என் விடையே தப்பு. அதுக்கு எங்க டிக் பண்ணணும்?"

"அப்படி ஒரு கட்டம் கிடையாது மேடம். வாத்தியார் விடை எப்படித் தப்பாகும்?" அவள் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

பராசாவிடம் போனேன். கதவைச் சாத்தினார். "உன் விடைப்படம் தப்புன்னு எழுதினா எண்பத்து நாலு பேரு மார்க்கையும் நிறுத்தி வெச்சிடுவாங்க. ரிப்போர்ட் போச்சு. போஸ்ட் போச்சு. அந்தப் பொண்ணுக்குக் கடிதமும் வராது, விசாரணை முடிய ஆகஸ்ட் ஆயிடும். கூட்டல் பிழைன்னு ஒரு டிக். ரெண்டு மார்க்கு, நாற்பது. யாருக்கு நஷ்டம் சொல்லு?"

நியாவிராவைக் கேட்டேன். "டிக் பண்ணுங்க மேடம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

4 மே, வியாழன்

டிக் போட்டேன்.

5 மே, வெள்ளி

அவளுக்குக் கடிதம் கிடைத்தது. படிக்கட்டில் நின்று இரண்டு கையாலும் ஆட்டிக் காட்டினாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லி எல்லோருக்கும் நல்லது நடந்தால் அது பொய்தானா? — பொய்தான். தெரிந்துகொண்டே கேட்கிறேன்.

17 மே, புதன்

மதிப்பெண்ணை இறுதி செய்யும் தேர்வுக் குழு. ஒன்பது பேர். டீன் முகம்பி என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு புகழ்ந்து தள்ளினார். அடுத்த வருடம் மற்ற துறைகளிலும் இந்த டூல்தானாம். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் திருத்தப் படிவங்கள். ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றார்.

"கூட்டல் பிழைன்னு போட்டிருக்கீங்களே மொரா மேடம்."

"ஆமாம் சார்."

"யார் கூட்டினது?"

அவரே என் அறிக்கையைப் புரட்டினார்.

"மெஷினே கூட்டும், பிழைக்கு இடமே இல்லைன்னு நீங்கதானே மூணாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க? அடியில கோடு வேற போட்டிருக்கு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சரியா ரெண்டு மார்க்கு. சரியா நாற்பது. அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

பராசாவைப் பார்த்தேன். அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அதுவரை நியாவிராவின் தொழிற்பயிற்சி நிறுத்தம். ஆசிரியரைக் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்று அவள் மேல் ஒழுங்கு நடவடிக்கைக்கும் இடமுண்டு என்றார்கள்.

ஐயோ. ஐயோ. நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்!

18 மே, வியாழன்

நியாவிரா போனில் கத்தினாள். நைரோபியில் அறை எடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது. "ஃபெயிலா விட்டிருந்தா ஒரு வருஷம்தான் போயிருக்கும் மேடம். இப்ப பேரும் போச்சு! எங்க அம்மாகிட்ட என்ன சொல்றது? மார்க்கு வாங்கக் காசு குடுத்தேன்னு சொல்லுவாங்க!" பிறகு, "நானும்தான் டிக் பண்ணுங்கன்னு சொன்னேன். ரெண்டு பேரும் சேர்ந்த முட்டாளுங்க."

பராசா வந்து ஒரு யோசனை சொன்னார். தட்டச்சுப் பிழை என்று சொல்லிவிடலாமாம். ஒரு பொய்யை மூட இன்னொன்றா? "வெளிய போங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். ஆறு வருடத்தில் முதல் தடவை.

20 மே, சனி

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். என் வார்த்தையை இனி யார் நம்புவார்கள்? ஆதாரம் வேண்டும். அவள் அந்தப் பெட்டியை மார்ச்சிலேயே போட்டாள் என்று காட்ட டூலின் பழைய பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொரு மாணவரும் போட்டது, அழித்தது எல்லாவற்றையும் தேதியோடு அது வைத்திருக்கிறது. நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மதிப்பெண் கிடைத்தபின் யார் பார்ப்பார்கள்?

நியாவிரா மட்டும் இல்லை.

முதல் வாரத்தில் ஒருவன் 'சும்மா உட்காருபவர்' என்று ஒரு பெட்டி போட்டிருக்கிறான். சிவப்பு. நான்கு நிமிடத்தில் அழித்திருக்கிறான். இன்னொருத்தி 'மனாம்பாவின் ஆள்'. இரண்டு நாள் வைத்திருந்து, எட்டு முறை மாற்றிப் பார்த்து, அழித்திருக்கிறாள். எண்ணிக்கொண்டே போனேன். இருபத்தொன்பது பேர். இருபத்தொன்பது பேர் தினமும் கண்ணால் பார்ப்பதைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். என் டூல் தப்பு என்றது. நல்ல பிள்ளைகளாக அழித்துவிட்டார்கள். அந்த அமைதியைப் பார்த்துத்தான் நான் பூரித்துப்போனேன்.

அவர்களுக்குத் தெரியாததை நான் சொல்லித்தரவில்லை. தெரிந்ததை அழிக்கச் சொல்லித்தந்திருக்கிறேன், அதற்கு மார்க்கும் போட்டிருக்கிறேன். சராசரி எழுபத்தொன்று! அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு எல்லாவற்றையும் அச்சடித்தேன்.

22 மே, திங்கள்

குழு முன் நின்று சொன்னேன். கூட்டல் பிழை என்று நான் எழுதியது பொய். விடைப்படம் தப்பு, அது என் தப்பு. மாணவி எதுவும் தரவில்லை, எனக்கு எந்த விதத்திலும் வேண்டப்பட்டவளும் இல்லை.

"என்ன தப்பு?" என்றார் டீன்.

"பொய்ப் பயணியை விட்டுட்டேன் சார்."

பொருளாதாரத் துறைக்காரர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். அப்படி ஒரு வண்டியில் உட்கார்ந்து சொந்த மச்சான் கல்யாணத்தையே தவறவிட்டாராம். உடனே ஆளுக்கு ஒரு கதை. "என் பக்கத்துல இருந்த அம்மா ஜெபம் வேற பண்ணிட்டு இறங்கிப் போச்சு!" டீன்கூட, "போன மாசம் என் கார் ஷெட்ல இருந்தப்ப..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மேஜையைச் சுற்றி ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஏமாந்தவர்கள்.

இருபத்தொன்பது அழிப்புகளையும் தேதி வாரியாக மேஜையில் வைத்தேன். தாள் கைமாறக் கைமாறச் சிரிப்பு அடங்கிவிட்டது. பராசா அந்த எட்டு முறை மாற்றிய பெண்ணின் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

2 ஜூன், வெள்ளி

முடிவு வந்தது. நியாவிராவின் படத்தை வேறு இரண்டு பேர் கையால் திருத்தினார்கள். அறுபத்தேழு. தொழிற்பயிற்சி தொடரலாம், அவள் மேல் குற்றம் ஏதும் இல்லை. மற்றவர்களின் மதிப்பெண் அப்படியே நிற்கும். நான் தந்த தப்புக்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

எனக்கு ஒரு தனிக் கடிதம். பதிவேட்டில் பொய்யான காரணம் எழுதியதற்கு எச்சரிக்கை. நிரந்தரப் பணியிடத்துக்கான பட்டியலில் இருந்து என் பெயர் நீக்கம். பொய் சொன்னேன், தண்டித்தார்கள், நியாயம்தான். ஆனாலும் வலிக்கிறது. அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. ரொம்ப வேண்டியிருந்தது.

நியாவிராவுக்கு போன் செய்து அறுபத்தேழு என்றேன். "அவ்வளவுதானா? எண்பது வரும்னு நினைச்சேன்" என்றாள். பிறகு, "உங்க வேலை?" என்றாள். சொன்னேன். சாப்பிட்டீங்களா மேடம் என்று கேட்டாள்.

25 ஆகஸ்ட், வெள்ளி

அந்த நிரந்தரப் பணியிடத்துக்குப் புதிதாக வந்தவர் எல்டோரெட்காரர், நல்ல மாதிரியாகத் தெரிகிறார். என் பாடத்தை அவருக்குக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. இன்னொரு செமஸ்டர் ஒப்பந்தத்தில் எனக்கே வந்திருக்கிறது.

14 செப்டம்பர், வியாழன்

ஒப்பந்தக் கடிதம் வாங்கப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். ஜெப்கோரிர் கடிதத்தைத் தேடிக்கொண்டே, மேஜை மேல் கிடந்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். "புதுசு மேடம். ஜூலையில அச்சடிச்சது."

மதிப்பெண் திருத்தப் படிவம். காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டம். நான்காவது: விடைக்குறிப்பில் பிழை.

அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். "இதை யாராவது டிக் பண்ணுவாங்களா?" என்று கேட்டேன்.

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? ஆகஸ்ட் மறுதேர்வுலயே ஆறு பேரு." படிவக் கட்டை எடுத்துப் புரட்டினாள். "முதல் ஆளு உங்க டிபார்ட்மெண்ட்தான். பதினோரு வருஷமா அவர் ஒரே விடைக்குறிப்பை வெச்சுத் திருத்தறாராம். இந்தத் தடவைதான் உக்காந்து படிச்சுப் பார்த்தாராம்."

மேலே இருந்த படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். நான்காவது கட்டத்தில் பேனா அழுந்திய டிக். கீழே டாக்டர் பராசாவின் கையெழுத்து.